1,200 வருடத்துப் பழமை, 3 வருடக் கான்ட்ராக்ட்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் தொடக்க இடைக்கால வரலாற்றுக்கு, அதாவது மேற்கில் ரோம ஆட்சி சரிந்த பிறகு சுமார் கி.பி. 500 முதல் 1000 வரையான காலத்துக்கு, ஆய்வாளர் வேலைகள் வருகின்றன என்று ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒரு கேள்விக்குள் சேர்த்துவிட்டேன். 'அப்ளிகேஷன் லிங்க் அனுப்புங்க' என்று மட்டும் எழுதியவர்கள் முதல் இரண்டு பதில்களையாவது படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

கே: எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். ஒரு ஜெர்மன் பல்கலைக்கழக விளம்பரத்தில் 'தொடக்க இடைக்கால வரலாறு, ஆய்வாளர், 65 சதவீதம், 3 ஆண்டு' என்று இருந்தது. 65 சதவீதம் என்பது எம்.ஏ. மார்க்கா? – வாசகி, திருநெல்வேலி

மார்க் இல்லை, சம்பளம். ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இ13 என்று ஒரு சம்பளப் படி உண்டு. முழு வேலைக்கு அதில் என்ன வருமோ அதில் 65 சதவீதம் உங்களுக்கு. வேலை நேரமும் அதே கணக்கில் வாரத்துக்கு 26 மணி நேரத்தை ஒட்டி வரும். இது காகிதத்தில். மீதி நேரத்தில் தீசிஸ் எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. நடைமுறையில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு, கருத்தரங்கு ஏற்பாடு, பேராசிரியரின் கட்டுரைக்கு அடிக்குறிப்பு சரிபார்ப்பு என்று அந்த 26 மணி நேரம் வீங்கிக்கொண்டே போகும், தீசிஸுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மிஞ்சும் என்று அங்கே இருக்கிற எல்லோரும் புலம்புவார்கள்.

இன்னொரு விஷயம். இந்த மாதிரி இடத்துக்கு நீங்கள் மாணவியாக அல்ல, ஊழியராகத்தான் சேருகிறீர்கள். வேலை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம், சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் உண்டு. அதனால் மார்க் ஷீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த முதல் மாதமே இவரால் என்ன செய்ய முடியும் என்றுதான் யோசிப்பார்கள். தொடக்க இடைக்காலத்தில் அந்த 'என்ன' பெரும்பாலும் லத்தீன். உங்களுக்கு லத்தீன் தெரிந்தால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். தெரியாது என்றால் அடுத்த பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கே: லத்தீன் தெரியாமல் முடியாதா? எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதே. – வாசகர், ஈரோடு (இதையே இன்னும் பலர்)

எல்லாவற்றுக்கும் இல்லை. பெரிய வரலாற்று நூல்களுக்கு இருக்கிறது. நிலப் பத்திரங்கள், மடாலயக் கணக்குகள், அரச ஆணைகள், கடிதங்கள் என்று வந்தால் பெரும்பகுதி லத்தீனிலேயே கிடக்கிறது. அதைப் படிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். ஜெர்மனியில் பல இடங்களில் வரலாறு படிக்கிற மாணவர்களுக்கே லத்தீன் தேர்ச்சி கேட்பார்கள். கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழக இடைக்கால ஆய்வு மையம் எம்.ஏ.வுக்கு ஒன்று, பி.எச்.டி.க்கு ஒன்று என்று தனியாக லத்தீன் தேர்வே நடத்துகிறது.

இலக்கணப் புத்தகத்தை முடித்தாலும் கதை முடியாது. 9ஆம் நூற்றாண்டுத் தோல் ஏடு ஒன்றின் ஸ்கேனைத் திறந்து பாருங்கள். கரோலிங்கியர் (இன்றைய பிரான்சையும் ஜெர்மனியையும் ஆண்ட பிராங்க் அரச வம்சம்) காலத்துச் சிற்றெழுத்து பார்க்க அழகாக, ஏறக்குறைய இன்றைய அச்செழுத்து மாதிரியே இருக்கும், ஆஹா படித்துவிடலாம் என்று தோன்றும். இரண்டாவது வரியில் 'பி' எழுத்தின் காலில் குறுக்கே ஒரு கோடு இருக்கும்; அது 'பெர்'. அதே எழுத்தின் இடப்பக்கம் கோடு வளைந்து சுழித்தால் 'ப்ரோ'. தலைக்கு மேல் கோடு என்றால் 'ப்ரே'. மூன்றுக்கும் பொருள் வேறு. உயிரெழுத்தின் மேல் சின்னக் கோடு போட்டிருந்தால் அங்கே ஒரு 'ம்' அல்லது 'ன்' விழுங்கப்பட்டிருக்கிறது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதியதைப் படித்துப் பழகியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்த வேலையின் மணம் உடனே பிடிபடும்: எழுத்து பாதி சொல்லும், மீதியை வாக்கியம் சொல்லும்.

அதிலும் மெரோவிங்கியர் (கரோலிங்கியருக்கு முந்தைய பிராங்க் வம்சம்) காலத்து, 6, 7ஆம் நூற்றாண்டு லத்தீன் இருக்கிறதே, அதில் 'இ'யும் 'எ'யும், 'உ'வும் 'ஒ'வும் இஷ்டத்துக்கு இடம் மாறும். பிரான்சின் தூர் நகரத்து ஆயர் கிரிகோரி தன் இலக்கணம் மோசம் என்று தானே எழுதி வைத்திருக்கிறார். (பாதி அவையடக்கம். நல்ல கதைசொல்லி.) தொடங்குபவர்கள் அவரையும், கரோலிங்கியப் பேரரசர் சார்லமேனின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்டையும் எடுத்துக்கொள்ளலாம். சார்லமேன் வயதான பிறகு எழுதப் பழக ஆசைப்பட்டு எழுதுபலகையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார், ஆனாலும் கை பழகவில்லை என்று ஐன்ஹார்ட் சொல்கிறார். உங்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் என்றால் ஓரளவு தடுமாறாமல் படிக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதோடு கட்டுரைகள் படிக்கும் அளவுக்கு ஜெர்மனும் பிரெஞ்சும் வேண்டும். பேச வேண்டியதில்லை, படித்தால் போதும்.

கே: அது இருண்ட காலம் என்றுதானே பள்ளியில் படித்தோம்? ஆராய என்ன இருக்கிறது? – வாசகர், சேலம்

இருட்டு என்று பெயர் வைத்தவர்கள் பிற்காலத்து ஆட்கள். 9ஆம் நூற்றாண்டில் மட்டும் எழுதப்பட்டு இன்று வரை தப்பியிருக்கும் லத்தீன் கையெழுத்துப் பிரதிகளும் துண்டுகளும் 7,000 வரை இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடாலயத்தில் 1000ஆம் ஆண்டுக்கு முந்தைய அசல் நிலப் பத்திரங்களே எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. இன்னாருடைய நிலம், எந்த ஊர், யார் யார் சாட்சி, எல்லாம் உண்டு.

எனக்குப் பிடித்தது பாரிஸ் பக்கத்து செயின்ட் ஜெர்மைன் மடாலயத்தின் நிலக் கணக்கு. 9ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில், மடத் தலைவர் இர்மினோன் காலத்தில் எழுதியது. போடோ என்று ஒரு குடியானவன், மனைவி பெயர் எர்மென்ட்ரூட், மூன்று பிள்ளைகள். இவ்வளவு உழுநிலம், இவ்வளவு திராட்சைத் தோட்டம், இவ்வளவு புல்வெளி, மடத்துக்குச் செய்ய வேண்டிய வேலை இவ்வளவு, கட்ட வேண்டியது இவ்வளவு. இப்படியே பக்கம் பக்கமாக ஆயிரக்கணக்கான பேர். ராஜாக்கள் கதையை விடுங்கள், ஒரு சாதாரணக் குடியானவன் குடும்பத்தோடு பெயர் சொல்லி நமக்கு முன் வந்து நிற்பது எத்தனை நாட்டு வரலாற்றில் நடக்கிறது!

ஆனால் ஒன்று, கணக்கு எழுதியவன் மடத்து ஆள். போடோ என்ன நினைத்தான் என்பது அதில் வராது. பெண் குழந்தைகள் சில இடங்களில் எண்ணிக்கையில் குறைவாக இருக்கிறார்களே, உண்மையிலேயே குறைவா, எழுதியவன் கண்டுகொள்ளவில்லையா என்று பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. ஆய்வு என்பது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கே: இந்தியா சம்பந்தப்பட்ட தலைப்பை எடுத்தால் எனக்கு வாய்ப்பு கூடுமா? மிளகு வணிகம் மாதிரி. – ஆய்வு மாணவர், சென்னை

கூடலாம். ஆனால் காலை வாரியும் விடலாம்.

நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத் இனத் தலைவன் அலாரிக் கேட்ட பட்டியலில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. 735இல் இங்கிலாந்தில் பீட் என்ற துறவி சாகும் தறுவாயில் தன் பெட்டியில் இருந்ததைச் சக துறவிகளுக்குப் பங்கிட்டார். அதில் கொஞ்சம் மிளகு. 1653இல் பெல்ஜியத்தின் தூர்னே நகரில் பிராங்க் அரசன் முதலாம் சில்டெரிக்கின் (இறந்தது 481 அல்லது 482) கல்லறை கிடைத்தது. அதில் சிவப்புக் கற்கள் பதித்த சுமார் 300 தங்கத் தேனீக்கள். 1831இல் பாரிஸில் திருட்டுப் போய், இப்போது மிஞ்சியது இரண்டே இரண்டு. அந்தக் காலத்து நகைகளில் பதித்த கார்னெட் என்ற அந்தச் சிவப்புக் கற்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை, 600ஐ ஒட்டி அந்த வரத்து குறைந்து ஐரோப்பியக் கற்கள் இடம் பிடித்தன என்று ரசாயனப் பகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஏன் குறைந்தது என்பதற்கு இன்னும் ஒருமித்த பதில் கிடையாது. நல்ல தலைப்பு அது.

இப்போது மற்றப் பக்கம். 716இல் அரசன் இரண்டாம் சில்பெரிக், வடக்கு பிரான்சின் கோர்பி மடாலயத்துக்கு ஒரு சாசனம் தருகிறான்: மத்தியதரைக் கடலோரத்து ஃபோஸ் சுங்கக் கிடங்கிலிருந்து வருடந்தோறும் 30 பவுண்டு மிளகு, 150 பவுண்டு சீரகம், 2 பவுண்டு கிராம்பு, கொஞ்சம் லவங்கப்பட்டை எடுத்துக்கொள்ளலாம். பார்த்தவுடன் 'ஆஹா, 8ஆம் நூற்றாண்டிலும் மலபார் மிளகு பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்தது' என்று ஒரு அத்தியாயம் எழுதத் தோன்றும். ஆனால் அது முன்னோர் கொடுத்ததைப் புதுப்பிக்கும் சாசனம். பழைய பட்டியலை அப்படியே பிரதி எடுத்திருந்தால்? 716இல் அந்தக் கிடங்கில் உண்மையாகவே மிளகு இருந்ததா? பெல்ஜிய அறிஞர் அன்றி பிரேன் காலத்திலிருந்து இந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டர்வியூவில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

இன்னும் வேடிக்கையானது இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் அரசர் கதை. 883இல் அவர் இந்தியாவில் இருக்கும் புனித தோமாவுக்கும் பர்த்தலோமேயுவுக்கும் காணிக்கை அனுப்பினார் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பு சொல்கிறது. நம் ஆட்கள் உடனே மயிலாப்பூர் வரைக்கும் வந்துவிடுவார்கள். மிகப் பழைய பிரதியில் அந்தச் செய்தியே இல்லை. வேறு இரண்டில் 'இந்தியா' இருக்க வேண்டிய இடத்தில் 'யூதேயா' இருக்கிறது. அந்தக் கையெழுத்தில் 'ந'வுக்கான எழுத்தும் 'உ'வுக்கான எழுத்தும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடுகள்தான், பிரதி எடுத்தவன் எதை எதுவாகப் படித்தான் என்று யாருக்குத் தெரியும். இதை மறைத்துவிட்டு எழுதினால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இதையே கேள்வியாக வைத்து எழுதினால் உங்களை உட்கார வைத்துப் பேசுவார்கள்.

கே: நான் பயோடெக்னாலஜி. எனக்கு இதில் இடம் உண்டா? – வாசகி, கோவை

உண்டு. வியன்னா, லைப்ஸிக், புடாபெஸ்ட், பிரின்ஸ்டன் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து ஹிஸ்டோஜீன்ஸ் என்ற ஒரு பெரிய திட்டத்தை நடத்தினார்கள். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் பணம். ஹங்கேரியைச் சுற்றிய சமவெளியில் 400க்கும் 900க்கும் இடையில் புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களின் டி.என்.ஏ.வை எடுத்தார்கள். 2024இல், ஆசியப் புல்வெளியிலிருந்து வந்து அந்தச் சமவெளியை ஆண்ட அவார்கள் காலத்து நான்கு இடுகாடுகளில் கிடைத்த 424 பேரை வைத்து ஒரு கட்டுரை வந்தது: கிட்டத்தட்ட 300 பேருக்கு அதே இடுகாட்டிலேயே நெருங்கிய உறவினர், ஒரு குடும்ப மரம் ஒன்பது தலைமுறை நீளம், ஆண்கள் பிறந்த இடத்திலேயே இருக்க, பெண்கள் வெளியிலிருந்து மணமாகி வந்திருக்கிறார்கள்.

எச்சரிக்கை ஒன்று. எலும்பில் இருக்கும் மரபணு 'நான் அவார்' என்று சொல்லாது. யார் தன்னை எந்த இனத்தான் என்று அழைத்துக்கொண்டான் என்பது வேறு விஷயம், வியன்னாவில் வால்டர் போல் போன்ற வரலாற்றாசிரியர்கள் பல வருடமாக இதைத்தான் எழுதிவருகிறார்கள். இந்தப் பேச்சைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த உயிரியல்காரர்களுக்கு மதிப்பு அதிகம்.

கே: மகன் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து நல்ல வேலையில் இருக்கிறான். அதை விட்டுவிட்டு இடைக்கால வரலாறு படிக்கிறேன் என்கிறான். இது நிரந்தர வேலையா? – ஒரு தாய், கும்பகோணம்

அம்மா, நிரந்தரம் இல்லை. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெர்மனியில் 2007இல் வந்த ஒரு சட்டப்படி, ஒருவரைப் பி.எச்.டி.க்கு முன் 6 வருடம், பின் 6 வருடம் தற்காலிக ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கலாம். அதற்குள் பேராசிரியர் பதவியோ வேறு நிரந்தர இடமோ கிடைக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது ப்ராஜெக்ட் பணத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்தை விளக்க அரசு வெளியிட்ட கார்ட்டூன் வீடியோவில் ஹன்னா என்று ஒரு ஆய்வாளர் வருவாள். 2021இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் 'நான்தான் ஹன்னா' என்று தங்கள் கதையை எழுதிக் கொட்டினார்கள். நாற்பதைத் தாண்டியும் வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கக் காத்திருப்பவர்கள் அங்கே சாதாரணம். பிரிட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் ஃபெல்லோஷிப் மூன்று நான்கு வருடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் மகன் கையில் ஒரு சீட்டு இருக்கிறது, அது அவருக்கே தெரியுமா என்று சந்தேகம். இப்போது மூலநூல் பதிப்புகள் பெரும்பாலும் டிஜிட்டல். கொலோன் நகரில் 2014இலிருந்து கபிட்டுலாரியா என்று ஒரு திட்டம் நடக்கிறது, பிராங்க் அரசர்களின் ஆணைகளைத் தாங்கிய சுமார் 300 கையெழுத்துப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் படித்து எக்ஸ்.எம்.எல். வடிவில் குறியிட்டு இணையத்தில் போடுகிறார்கள். 16 வருடத் திட்டம், இந்தத் துறையில் அது கல்யாணம் மாதிரி நீண்ட பந்தம். ஹாம்பர்கிலும் பத்திர வாசக மாதிரிகளுக்கு இதே போல ஒன்று நடக்கிறது. இரண்டுக்கும் லத்தீனும் வேண்டும், கம்ப்யூட்டர் கோடும் புரிய வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆள் கிடைப்பது அங்கேயே அரிது.

அதனால் வேலையை உடனே விட வேண்டாம் என்று சொல்லுங்கள். சாயங்காலத்தில் ஒரு வருடம் லத்தீன் படிக்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால் தடுக்காதீர்கள். ஒரு வருடத்தில் அலுத்துப்போனால் சம்பளமாவது மிச்சம்.

கே: பி.எச்.டி. முடித்துவிட்டேன். போஸ்ட்டாக் விண்ணப்பத்தில் என்ன எழுதினால் எடுபடும்? – வாசகர், புதுச்சேரி

'சிறு வயது முதலே வரலாற்றில் எனக்கு ஆர்வம்' என்ற வரியை முதலில் அடியுங்கள். ஆர்வம் இல்லாதவன் அங்கே விண்ணப்பிக்கவே மாட்டான்.

ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு குறிப்பிட்ட மூலத் தொகுப்பு, அதை மூன்று வருடத்துக்குள் முடிக்க முடியும் என்று காட்டும் திட்டம், இவ்வளவுதான். 'கரோலிங்கியர் காலத்தில் பெண்கள்' என்று எழுதினால் குப்பைக்குப் போகும். '8, 9ஆம் நூற்றாண்டு செயின்ட் காலன் பத்திரங்களில் விதவைகள் நிலத்தைத் தானம் கொடுத்தபோது என்னென்ன நிபந்தனை போட்டார்கள்' என்று எழுதினால் படிப்பார்கள், ஏனென்றால் எத்தனை பத்திரம், எங்கே இருக்கிறது, அச்சில் வந்திருக்கிறதா என்று உடனே கணக்குப் போட முடியும். நம் ஊரில் கைடு தலைப்பைக் கொடுப்பார் என்று காத்திருந்து பழகியவர்களுக்கு இதுதான் பெரிய மாற்றம்.

பணம் எங்கே என்றால்: ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் நீங்கள் போக நினைக்கும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனிக்கு ஹும்போல்ட் அறக்கட்டளை. வரலாற்றுக்கென்றே ட்யூசல்டார்ஃபில் கெர்டா ஹென்கல் அறக்கட்டளை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே ஒரு பேராசிரியர் 'வரட்டும்' என்று சொல்ல வேண்டும். அவருக்கு எழுதும் மின்னஞ்சல் பதினைந்து வரிக்குள் இருக்கட்டும். அவருடைய ஒரு கட்டுரையையாவது உண்மையாகப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாத ஒரு இடத்தை மரியாதையாகச் சுட்டிக்காட்டுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொற்பாதங்களில்' ரகக் கடிதங்களுக்குப் பதில் வராது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு முறை நினைவூட்டலாம், தப்பில்லை.

விளம்பரங்கள் ஜெர்மன் உலகத்துக்கு எச்-சோஸ்-குல்ட் தளத்தில், பிரிட்டனுக்கு ஜாப்ஸ் ஏசி யூகே தளத்தில் வரும். ஆட்களை நேரில் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜூலையில் நடக்கும் இடைக்கால மாநாடு.

கே: எனக்கு 38 வயது. தாமதமாகிவிட்டதா? படித்துப் பார்க்க மூலங்கள் இலவசமாகக் கிடைக்குமா? – வாசகர், தஞ்சாவூர்

வயது வரம்பு என்று நம் ஊர் அரசு வேலை மாதிரி அங்கே போடுவதில்லை. பி.எச்.டி. வாங்கிய தேதியிலிருந்துதான் கணக்கு. மேரி கியூரிக்கு அதிலிருந்து 8 வருடம். நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்றால் கடிகாரமே ஓடத் தொடங்கவில்லை.

மூலங்கள் இலவசம்தான். 1819இல் தொடங்கிய மோனுமென்டா ஜெர்மானியே ஹிஸ்டோரிக்கா என்ற பதிப்பு வரிசையின் பெரும்பகுதி அதன் தளத்திலேயே பக்கம் பக்கமாக இருக்கிறது, செயின்ட் காலன் ஏடுகள் ஈ-கோடிசஸ் தளத்தில் நல்ல தெளிவான படங்களாக. போனில் பார்க்காதீர்கள், கண் போய்விடும்.